கூட்டி எழுதிய மூன்று வயது

பேச்சியம்மாள் காலமான செய்தியை ஜீப் டிரைவர்தான் கொண்டுவந்தார். போடிமெட்டில் ஆட்களை இறக்கிவிட்டு எங்கள் எஸ்டேட் ஆபீசுக்கு வந்தவர், எஞ்சினை நிறுத்தாமலே சொன்னார்: "ரைட்டரண்ணே, நம்ம பேச்சியக்கா காலையில போயிருச்சு. சாயந்தரம் எடுக்கிறாக. வர்றதுன்னா இப்பவே ஏறுங்க." நான் அங்கே கணக்கெழுதும் ரைட்டர். ஆட்களின் பெயர்ப் பதிவேடு என் முன்னால் திறந்து கிடந்தது. மூடி வைத்துவிட்டு ஏறினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேச்சியம்மாள் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர்; பிறகு போடியில் சரக்கு வைக்கும் ஒரு கிட்டங்கியில் ஏலக்காய் பொறுக்கியவர். சுவரில் நோட்டீசு ஒட்டி இரங்கல் சொல்ல அவருக்கு ஆள் கிடையாது. அவரைப் பற்றி எழுதக் கடமைப்பட்டவன் நான் ஒருவன்தான்.

எழுபதுகளின் பிற்பகுதியில், கணவரை இழந்து, ராசிங்காபுரத்திலிருந்து மகன் செல்வத்துடன் மலையேறி வந்தார். எங்கள் எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கான லயத்து வீடு வேண்டுமென்றால் குடும்பத்தில் பெரிய ஆட்கள் இருவர் பெயர் பதிந்திருக்க வேண்டும். செல்வத்துக்கு அப்போது பதினைந்து வயது. ஆள் மட்டும் நல்ல உயரம்.

"பதினெட்டுன்னு போட்டுருங்கண்ணே. மழைக்கு முன்னாடி ஒரு கூரைக்குக் கீழ போயிருவோம்" என்றார் அவர்.

போட்டேன். பலருக்கும் அப்படிப் போட்டுக் கொடுத்தவன்தான் நான். பெரிய உபகாரி என்ற நினைப்பு வேறு எனக்கு. செல்வத்தின் அடையாளச் சீட்டில் வயது பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. மெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே சாராயக்கடை உண்டு. பதினெட்டு நிரம்பாதவனுக்கு ஊற்றக் கூடாது என்று சட்டமும் உண்டு. அந்தக் கடைக்காரர் சட்டத்துக்குப் பயந்தவர். சந்தேகம் வந்தால் சீட்டைக் கேட்பார். சீட்டில் என் கையெழுத்து இருக்கும்.

மழையில் ஈர மூட்டை சுமப்பவர்கள் குளிருக்கு ஒரு மடக்கு போடுவது மலையில் சாதாரணம். "பேரு பெரிய ஆள் வரிசையில இருக்குல்ல, வாடா மாப்ளே" என்று செல்வத்தையும் கூட்டிப்போனார்கள். இரண்டு மாதத்தில் வெயிலடித்த நாளிலும் அவன் தனியாகப் போகத் தொடங்கினான்.

பேச்சியம்மாள் கடைக்கே போய், தன் மகனுக்குப் பதினைந்துதான் என்று சொன்னார். கடைக்காரர் சண்டை பிடிக்கவில்லை. "சேச்சி, சீட்டுல பதினெட்டு உண்டு. சீட்ட மாத்திக் கொண்டா. பின்னே ஒரு துளி கொடுக்கில்லா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பேச்சியம்மாள் அங்கிருந்து நேராக என்னிடம் வந்தார்.

"நெசமான வயச எழுதிக் குடுங்கண்ணே."

நான் பதறிப்போனேன். "ஒண்ணைத் திருத்தினா எல்லாத்தையும் நோண்டுவாக. ஒனக்கு வீடு போகும், எனக்கு வேலை போகும். போயி மகனைக் கண்டிச்சு வை" என்றேன்.

"கடையில கேட்டா சீட்டக் காட்டுறாக. சீட்டக் கேட்டா நீங்க வீட்டக் காட்டுறீக. நான் எந்தப் பக்கந்தேன் போக?" என்றார் அவர். சோலி கிடக்கிறது என்று சொல்லிப் பதிவேட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, கடையிலிருந்து வரும் ஒற்றையடிப் பாதையில் செல்வம் நினைவில்லாமல் கிடந்தான். இரவெல்லாம் மழையில் நனைந்து உடம்பு விறைத்திருந்தது, வாயோரம் வாந்தி. ஜீப்பில் போட்டுக்கொண்டு வளைவு வளைவாக இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் பேச்சியம்மாள் அவன் மூக்கருகே கை வைத்துப் பார்த்தார்.

போடி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயதைக் கேட்டார். "பதினெட்டு" என்றேன் நான். "பதினஞ்சு" என்றார் பேச்சியம்மாள். உயிருக்குப் போராடும் பிள்ளையின் முன்னால் நின்றுகொண்டு அந்தப் பொய்யை நான் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இது இன்னும் வளர்ற உடம்பும்மா. ஈரலும் மூளையும் முத்தல. பெரிய ஆள் தாங்குறது இவனைக் கொன்னுரும். இந்தத் தடவை பிழைச்சான். அடுத்த தடவைக்கு நான் பொறுப்பில்ல" என்றார்.

மூன்றாம் நாள் மகனுடன் மலைக்குத் திரும்பிய பேச்சியம்மாள் மேனேஜர் அறைக்குள் போனார். என்னையும் கூப்பிட்டார்கள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"பொய் வயசு சொன்னது நான்தேன் அய்யா. ரைட்டரய்யா பாவம், நம்பி எழுதிட்டாக. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது."

மேனேஜர் என் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்றார். நான் தலையாட்டினேன்.

வயதைத் திருத்தி மேனேஜரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாரம் முடியுமுன் வீட்டைக் காலி செய்யவும் சொன்னார். பேச்சியம்மாள் முதலில் அந்தச் சீட்டைக் கடையில் கொண்டுபோய்க் காட்டினார். கடைக்காரரும் சொன்ன சொல் தவறவில்லை. பிறகு மூட்டை முடிச்சுடன் மகனை அழைத்துக்கொண்டு இறங்கினார். நான் ஆபீசு ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

செல்வத்தின் கை நடுக்கம் தீரவே ஒரு வருடம் ஆனது என்று கேள்விப்பட்டேன். பின்னர் அவன் சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் நம் பக்கமும் சாராயக்கடைகள் திறந்தார்கள். கிட்டங்கி விட்டதும் பேச்சியம்மாள் ஒரு கடை முனையில் போய் நிற்பார். மீசை முளைக்காத பையன் வந்தால், நாலு பேர் கேட்க, "அப்பு, ஒனக்கு என்ன வயசு?" என்பார். சிலர் திட்டினார்கள். சிலர் வெட்கப்பட்டுத் திரும்பிப் போனார்கள். பஸ்சில் போகும்போது அவரை அங்கே நான் இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இத்தனை வருடமும் நான் அதே நாற்காலியில்தான் இருந்தேன். வேலையை விடவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை.

ஜீப்பில் ஏறிப் போன அன்று சாயந்தரம், பாடை தூக்க ஆள் குறைந்தது. தோள் கொடுக்கப் போன நான், செல்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா என்னை ஏமாத்தலப்பா. நான் தெரிஞ்சேதான் எழுதினேன்" என்றேன்.

"தெரியும் மாமா. அம்மா எப்பவோ சொல்லிருச்சு" என்றான் அவன். கோபமில்லாத குரல். "அந்த அண்ணன் என்னைக்காவது வந்து சொல்லுவாக, பாருன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். நேத்துக்கூடக் கேட்டுச்சு, மெட்டுலருந்து யாரும் வந்தாகளான்னு."

போய் வாருங்கள், பேச்சியம்மாள். நான் வந்து சொல்லிவிட்டேன், ஒரு நாள் தாமதமாக.