அமிர்தம் பாடாத ஆறு பாட்டு

காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் விடும் அமிர்தத்துக்குக் குரல் உண்டு, பாட்டு கிடையாது. இரண்டும் வேறு வேறு என்பது அவளுக்கே நன்றாகத் தெரியும். மகள் வினோதினி கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை தாலாட்டிப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்து வீறிட்டது. கணவன் சுந்தரமூர்த்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். அதோடு பாட்டு முடிந்தது. ஆனால் கரையில் நின்று அவள் விலை கூற ஆரம்பித்தால், கடைசிப் படகில் வலை உதறிக்கொண்டிருப்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான்.

வினோதினி இப்போது பிளஸ் ஒன். பள்ளியில் கிராபிக்ஸ் வகுப்பு எடுக்கும் சோமசேகரன் சார் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். இல்லாத ஒரு பாட்டு ஆல்பத்துக்கு அட்டை செய்ய வேண்டும். முன்பக்கம் படமும் பெயரும், பின்பக்கம் ஆறு பாட்டின் தலைப்பும்.

"பாக்குறவங்களுக்கு அந்தப் பாட்டக் கேக்கணும்னு தோணணும், அவ்வளவுதான்" என்றார் சார்.

வகுப்பே கிடாரையும் சூரிய அஸ்தமனத்தையும் தேடி ஓடியது. நித்யஸ்ரீ என்ற பெண் முழுநிலவுக்குக் கீழே ஒரு வீணையைக் கிடத்தி, பக்கத்தில் தாமரையும் வைத்தாள். வினோதினிக்கு ஒன்றும் ஓடவில்லை. போனைத் துழாவிக்கொண்டே வந்தவளுக்கு அம்மாவின் படம் ஒன்று அகப்பட்டது. வாயைப் பிளந்து, கண்ணைப் பாதி மூடி, இரண்டு விரலை வானத்தைப் பார்த்து நீட்டியிருந்தாள் அமிர்தம்.

அது கரையில் நடந்த ஒரு சண்டையில் வினோதினியே எடுத்த படம். ஐயனார் என்ற வியாபாரி ஒரு கூடை நண்டுக்குக் கையைத் தூக்கி ஏலம் கேட்டுவிட்டு, கூடை தன் பக்கம் வந்ததும், "நான் எங்க கேட்டேன்க்கா? தலையத்தான சொறிஞ்சேன்" என்று சொல்லிவிட்டான். அமிர்தம் அவனுடைய தலையில் ஆரம்பித்து, அதிலுள்ள பேன் வரைக்கும் விசாரித்துக்கொண்டிருந்த நேரம். எதிர்வெயில் முகத்தில் அடித்ததால் கண் சுருங்கியிருந்தது.

வினோதினி படத்திலிருந்து நண்டுக் கூடையை வெட்டினாள். ஐஸ்பெட்டியை வெட்டினாள். ஓரத்தில் தெரிந்த ஐயனாரின் முழங்கையையும் வெட்டினாள். மிச்சம் நின்றது ஒரு பெண்ணின் முகமும் இரண்டு விரலும். அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, பின்னால் கருநீலத்தை இழுத்துவிட்டதும் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. சண்டைக்காரி போய், தன்னை மறந்து பாடிக்கொண்டிருக்கும் ஒருத்தி வந்துவிட்டாள். மேலே 'உப்புக்குரல்' என்று போட்டாள். கீழே சின்ன எழுத்தில், 'பாடியவர்: அமிர்தம்'.

பின்பக்கத்துக்குத் தலைப்பு வேண்டுமே? அம்மா கரையில் தினம் கத்துவதையே வரிசையாக எழுதினாள். 'ஐஸு கரையுது', 'வாலப் பாக்காத, கண்ணப் பாரு', 'எடுத்தா எடு, இல்லன்னா நகரு', 'தொட்டுட்டுப் போகாத', 'நாளைக்கு இது இருக்காது', 'போதும், போ'.

சார் பத்துக்கு ஐந்து போட்டார். "இசைக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? ஒரு வீணையாவது வச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். நித்யஸ்ரீக்கு ஒன்பது.

ஆண்டு விழாவில் எல்லா அட்டைகளையும் சுவரில் ஒட்டினார்கள். 'மாணவர் பயிற்சி' என்று சுவருக்கு மேலே பெரிதாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் வந்தவர்கள் அட்டையைப் படம் எடுத்தார்களே தவிர, சுவரை எடுக்கவில்லை.

ஏலம் முடிந்ததும் அமிர்தம் கூடையில் மீன் எடுத்துக்கொண்டு காரைக்கால் தெருக்களில் விற்கப் போவாள். அங்கே வாடிக்கையாக வாங்கும் சித்திக்காதான் முதலில் கேட்டாள்.

"என்ன அமிர்தம், பாட்டெல்லாம் போட்டிருக்கியாமே! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?"

"என்ன பாட்டுக்கா?"

"நடிக்காத. பிரான்ஸ்லேர்ந்து எம்மருமவன் அனுப்பியிருக்கான், பாரு" என்று போனை நீட்டினாள்.

பள்ளிக்கூடத்துச் சுவரிலிருந்து புறப்பட்ட படம் கடல் தாண்டிப் போய், ஊருக்குத் திரும்பியிருந்தது. அமிர்தம் தன் முகத்தையே யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அப்புறம், "ஐயோ அக்கா, இது எம்மவ பள்ளிக்கூடத்துக்குச் செஞ்சது. பாட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள்.

சித்திக்கா சிரித்தாள். "சரி சரி, கண்ணு பட்டுரும்னு பயப்படுற. நான் யார்கிட்டயும் சொல்லல."

அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அதன்பிறகு அமிர்தம் போகிற இடமெல்லாம் அந்த ஆல்பம் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. மீன்கூடையைக் கண்டால் முகத்தைச் சுளிக்கும் மினிபஸ் கண்டக்டர், தானே கூடையை வாங்கி உள்ளே வைத்து, "உக்காருங்கம்மா" என்றான். டீக்கடையில் ஒருவர், 'ஐஸு கரையுது' வெறும் ஐஸைப் பற்றியது அல்ல, மனுஷ ஆயுசைப் பற்றியது என்று விளக்கிக்கொண்டிருந்தார். 'நாளைக்கு இது இருக்காது' பாட்டைக் கேட்டுத் தன் மனைவி அழுதுவிட்டதாக இன்னொருவர் சொன்னார். இணையத்தில் தேடிப் பார்த்துக் கிடைக்காதவர்கள், வெளிநாட்டில் மட்டும்தான் வெளியாகியிருக்கிறது என்று தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். பட்டினச்சேரியிலிருந்து அவளுடைய அண்ணன் போன் பண்ணி, "சின்ன வயசுலயே நல்லா பாடுவியே! நம்ம வூட்டு ரத்தம்ல" என்றார். சின்ன வயதில் அவள் வாயைத் திறந்தாலே மண்டையில் குட்டியவர் அவர்.

அமிர்தம் எல்லோரிடமும் இல்லை, இல்லை என்றுதான் சொன்னாள். சொல்லச் சொல்ல மரியாதை ஏறியது. இத்தனை பெரிய பாடகி இவ்வளவு அடக்கமாக இருக்கிறாளே என்று ஊர் உருகியது.

"எல்லாம் ஒன்னாலதாண்டி" என்று மகளிடம் எரிந்து விழுந்தாள்.

"நான் என்னம்மா பண்ணுனேன்? எனக்கு அஞ்சு மார்க்குதான்" என்றாள் வினோதினி. ஊரே மயங்கிக் கிடக்கும் அட்டைக்கு ஐந்து மார்க் போட்டவர் மேல் இருந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

சுந்தரமூர்த்தி மட்டும் எதுவும் கேட்கவில்லை. தாலாட்டைக் கேட்டிருந்த ஒரே ஆள் அவன்தான்.

அம்மன் கோயில் திருவிழா வந்தது. ஐயனார் விழாக் குழுவில் இருந்தான். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குப் பழத்தோடு வீட்டுக்கு வந்தான்.

"மேடையில ஒரு பாட்டுப் பாடணும்க்கா. ஊரு ஆசப்படுது."

"ஏன் ஐயனாரு, ஒனக்குமா தெரியாது? அந்தப் படம் எடுத்தப்ப நான் யாரத் திட்டிக்கிட்டிருந்தேன்?"

ஐயனார் தாம்பாளத்தைக் கீழே வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் இருக்கட்டும்க்கா. நீங்க பாடுறப்ப எதுத்தாப்புல நான்தான் நின்னேன்னு ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேன். மானத்தக் காப்பாத்துங்க" என்றான்.

போகக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் நாலு பேர் முன்னால் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்லிவிட்டால் தொல்லை விட்டுப்போகும் என்று பட்டது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். கடற்கரை மணலில் கூட்டம் நிறைந்திருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் ஏறி, மைக்குக்கு முன்னால் நின்றாள்.

"எல்லாரும் நல்லா கேட்டுக்கங்க. நான் பாட்டுக்காரி இல்ல. மீன் ஏலம் விடுறவ. அந்த அட்டை எம்மவ வகுப்புல செஞ்சது. அதுல பாட்டே கிடையாது. நீங்க கேட்டோம்னு சொல்றதெல்லாம் பொய்யி."

கடைசிச் சொல் ஒலிபெருக்கியில் மோதி, கடல் பக்கம் போனது. கைதட்டல் எழுந்தது, நிற்கவே இல்லை. தொகுத்து வழங்கியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகழே வேண்டாம்னு சொல்ற இந்த மனசு யாருக்கு வரும்!" என்றார். ஐயனார் ஓடி வந்து பொன்னாடை போர்த்தினான். தொண்டை சரியில்லாததால் இன்று அம்மா பாடவில்லை என்று அறிவித்தார்கள்.

கீழே இறங்கி வந்தவளிடம் வினோதினி, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள்.

"உண்மையச் சொன்னேன். சால்வ போட்டுட்டாங்க."

அடுத்த சில மாதங்களில் ஊருக்கு வேறு பேச்சுகள் கிடைத்தன. புயல் சின்னம் வந்தது, மீன்பிடித் தடைக்காலம் வந்தது. ஆல்பம் மெல்ல மறைந்தது. ஆனால் மறைந்த விதத்தைத்தான் அமிர்தம் எதிர்பார்க்கவில்லை. அவள் பாடகியே இல்லை என்று யாரும் திருத்திக்கொள்ளவில்லை. நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவள், குடும்பத்துக்காக விட்டுவிட்டாள் என்று மாற்றிக்கொண்டார்கள். எதிர்ப்பட்டவர்கள் பரிதாபமாகத் தலையசைத்தார்கள். சுந்தரமூர்த்திதான் தடுத்துவிட்டான் என்றுகூட ஒரு பேச்சு இருந்தது. அதைக் கேட்டு அவன் வழக்கம்போல வாசலுக்குப் போய் நின்றான்.

ஒரு நாள் சங்கரா மீனைப் பொறுக்கிக்கொண்டே சித்திக்கா சொன்னாள்: "எப்படி இருக்க வேண்டியவ நீ! இப்படி விட்டுட்டியே அமிர்தம்."

மறுக்க வாயெடுத்தாள் அமிர்தம். மறுத்து மறுத்து அலுத்திருந்ததோ, சித்திக்காவின் முகத்தில் இருந்த வருத்தம் அவ்வளவு நிஜமாக இருந்ததோ, தெரியவில்லை.

"என்னக்கா பண்றது? மீனு, வூடு, புள்ள... நேரம் எங்க இருக்கு?" என்றாள்.

சொன்னபிறகு, பாடாத அந்த ஆறு பாட்டும் நிஜமாகவே கைவிட்டுப் போனதுபோல் இருந்தது. அடுத்த தெருவுக்குப் போய்க் கூடையை இறக்கி வைத்தவள், கூவ மறந்து நின்றாள்.