மிளகாய் ஏறிய கை

குவீன் ஸ்ட்ரீட் பின்சந்தில் மசாலா அரைத்து விற்ற குணவதிக்கு முழங்கைவரை மிளகாய் ஏறியிருந்தது. எத்தனை கழுவினாலும் போகாது. தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கினாளானால் விடியும்வரை அழுகைதான்.

அவளுக்கு ஒரே மகள் மரகதம். ஒன்பது வயதுகூட முடியவில்லை, அதற்குள் நெற்றி நிறையப் பரு. சட்டையும் மார்பில் இறுகத் தொடங்கிவிட்டது. குணவதிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் என்ன செய்யும்? துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் அவள் புருஷன் பிச்சைமுத்து, தன் அக்காள் புஷ்பவள்ளிக்கு என்றைக்கோ வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தான். பெண்ணுக்குப் பருவம் தலைகாட்டினதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, கடலுக்கு அக்கரையில், பிறை ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே அத்தை மகன் மீசையும் தானுமாகக் காத்திருந்தான். அக்காள் முன்னால் பிச்சைமுத்து வாய் திறந்ததை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

அந்த அக்காள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சரிதான். குணவதி முதலில் துணி சோப்பையும் தேங்காய் நாரையும் எடுத்து மகள் முகத்தைத் தேய்தேய் என்று தேய்த்தாள். பரு சிவந்ததே தவிர மறையவில்லை. பிறகு அம்மியைக் கழுவி, கஸ்தூரி மஞ்சளை மைய அரைத்து, தன் கையாலேயே அப்பினாள். வருஷக்கணக்காக மிளகாய் குடித்த அம்மி, மிளகாயிலேயே ஊறிய கை! சற்று நேரத்தில் பிள்ளை போட்ட கூச்சலில் சந்தே கூடிவிட்டது.

பக்கத்து வீட்டு ஹாஜரா ஓடிவந்து, தேங்காய்ப்பாலை ஊற்றி ஊற்றித் துடைத்தாள். முகம் வீங்கி, கன்னமெல்லாம் தோல் கன்றிப்போயிருந்தது. இனிமேல் சோப்பு வேண்டாம், நார் வேண்டாம், பருவைக் கிள்ளவும் வேண்டாம். காலையும் மாலையும் வெறும் தண்ணீரால் மெல்லக் கழுவி, ஒற்றி எடுத்தால் போதும் என்றாள். எரிச்சல் அடங்கிய பிறகு, மலாய்க்காரப் பெண்கள் பூசும் குளிர்ந்த அரிசி மாவை லேசாகத் தடவலாமாம்.

"இது நோவு இல்ல தங்கச்சி. வளர்ற உடம்பு. சிலதுகளுக்குச் சீக்கிரம் வந்துடும் லா. ஆனா நீ தொடாதே. உன் கை அவ முகத்துல படவே கூடாது."

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று மரகதம் தேம்பினாள். பாவம், அந்தக் கண்ணீரைத் துடைக்கக்கூடப் பெற்றவளால் முடியவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீ ஒண்ணும் பண்ணலடி" என்று சொல்லிவிட்டுத் தானும் அழுதாள்.

ஞாயிறும் வந்தது. ஹாஜரா கொடுத்த தொளதொளத்த பாஜு என்னும் மலாய்ச் சட்டையைப் போட்டு மகளை மூலையில் உட்கார வைத்திருந்தாள் குணவதி. புஷ்பவள்ளி படகிறங்கி வந்ததும் வராததுமாகப் பிள்ளையின் மோவாயைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினாள்.

"என்னடி இது, பருவா?"

அந்த நாத்தனாரிடம் தன் தப்பை ஒப்புக்கொள்வதைவிட நாண்டுகொண்டு சாகலாம் என்று சொல்லிவந்தவள் குணவதி.

"பரு இல்ல அண்ணி. என் புத்திகெட்ட வேலை. மிளகா அரைச்ச அம்மியில மஞ்சள் அரைச்சுப் பூசிட்டேன்."

புஷ்பவள்ளி நம்பவில்லை. வாசலில் நின்ற தம்பியைத் திரும்பிப் பார்த்து, நிஜம்தானா என்று கேட்டாள். பிச்சைமுத்து பருவைப் பார்த்தவன். மஞ்சள் பூசுவதற்கு முன்னாலேயே பார்த்தவன்.

அவன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிளகாதான்க்கா" என்றான்.

அதற்கப்புறம் சாப்பாட்டு நேரம்வரை வசவுமழைதான். பிள்ளை வளர்க்கத் தெரியாதவள், மூளையை அடகு வைத்தவள் என்று குணவதியின் ஏழு தலைமுறையும் சந்திக்கு வந்தது. அத்தனையையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். சாயங்காலப் படகுக்குப் புஷ்பவள்ளி தனியாகவே போனாள்.

அவள் தலை மறைந்ததும் மரகதம் எழுந்து வந்தாள். அம்மாவின் முழங்கைக்கு மேலே, மிளகாய் ஏறாத இடமாகப் பார்த்து, எரியும் கன்னத்தை மெல்லச் சாய்த்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கும்மா" என்றாள்.