பால் வராத கள்ளி

இந்த ஜெர்மன் ஊருக்கு வந்த எட்டு மாதத்தில் எங்கள் வீட்டு அழைப்பு மணி மூன்று முறைதான் அடித்திருந்தது. மூன்றும் பார்சல்காரர்கள். சொல்லாமல் கொள்ளாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை என்றால், ஊரில் இருந்து படிக்கிறவர்கள் நம்பமாட்டார்கள். அதனால் நான்காவது முறை கதவைத் திறந்தபோது மாடி வீட்டு ஹெல்கா கையில் ஒரு பூந்தொட்டியோடு நின்றது எனக்குத் திகைப்பாக இருந்தது. அறுபதைத் தாண்டியவர், அதுவரை படிக்கட்டில் தலையசைப்பதோடு சரி. மேடிட்டிருந்த என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார். தொட்டியை நீட்டி, "காக்டுஸ்" என்றார். பிரேசில் மழைக்காட்டில், மரக்கிளைகளின் மேல் வளருமாம்; கையாலேயே மரம் வரைந்து காட்டினார். பிறகு "டுங்கெல்" என்றார், "கால்ட்" என்றார். இருட்டு, குளிர். வரப்போகும் பனிக்காலத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்து, "யா, யா" என்று தலையாட்டினேன்.

முள்ளே இல்லை. தட்டையான பச்சைத் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துத் தொங்கின. ஆனாலும் காக்டுஸ் என்றால் கள்ளிதானே? குன்றாண்டார்கோவிலில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"கள்ளியா? வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள கள்ளிய வச்சிருக்கியா? மொதல்ல அதத் தூக்கி வெளிய எறி தாயி!"

அம்மாவின் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் கொல்லைக்குத் திருகுகள்ளிதான் வேலி. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது விளையாட்டாக ஒரு குச்சியை ஒடித்தேன். பால் தெறித்துத் தம்பியின் கண்ணில் விழுந்தது. அலறியவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மா பஸ்ஸுக்கு ஓடினாள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கண்ணைக் கழுவிக் கழுவிக் காப்பாற்றினார்கள். அந்தப் பாலைப் பற்றி ஊரில் வேறு கதைகளும் உண்டு. பெண்பிள்ளைகள் காதுபட யாரும் அவற்றைச் சொல்வதில்லை; எங்களுக்குத் தெரியாமலும் இல்லை.

கணவரைக் கேட்டேன். "ஒனக்கு எது தோணுதோ அதச் செய்" என்றார். எனக்கு எதுவும் தோணவில்லை என்பதுதான் சிக்கல். எங்கள் வீடு தேடி வந்த ஒரே மனிதர் கொடுத்ததை எறிய மனம் வரவில்லை. வைத்திருக்கவும் பயம். கடைசியில் கீழ்த்தளத்துச் சாமான் அறையில், சின்ன ஜன்னலடியில் கொண்டுபோய் வைத்தேன்.

"எறிஞ்சிட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

"எறிஞ்சிட்டேம்மா."

உருளைக்கிழங்கு எடுக்கப் போகும்போதெல்லாம் குற்ற உணர்ச்சியில் அதற்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவேன். ஒருநாள் துணிந்து ஒரு துண்டை ஒடித்துப் பார்த்தேன். பால் வரவில்லை. வெறும் நீர்தான் கசிந்தது. அப்படியும் மேலே கொண்டுவரத் துணிவில்லை. கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மகள் பிறந்து இரண்டு வாரம் கழித்து ஹெல்கா பார்க்க வந்தார். "காக்டுஸ்?" என்று கேட்டார். பொய் சொல்லும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் வராது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே கூட்டிப்போனேன். கதவைத் திறந்தால், அந்தக் குளிரிலும் அரை இருட்டிலும் நுனிக்கு நுனி சிவப்புப் பூக்கள். ஹெல்கா என்னைக் கட்டிக்கொண்டார். இருட்டும் குளிரும் இருந்தால்தான் அது மொட்டு விடுமாம். அவர் சொன்னபடியே நான் செய்திருக்கிறேனாம். இல்லை, பயந்துபோய் ஒளித்துவைத்தேன் என்று சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. அழுகைதான் வந்தது. அதை அவர் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார். ஒருவேளை சந்தோஷம்தானோ என்னவோ. அவரே தொட்டியைத் தூக்கிவந்து, தொட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அம்மா வீடியோவில் வந்தாள். "பிள்ளை மொகமே தெரியல. வெளிச்சத்துக்குக் கொண்டா தாயி." வெளிச்சம் இருந்தது அந்த ஒரு ஜன்னலில்தான். மகளை எடுத்துக்கொண்டு அதனருகில் உட்கார்ந்தேன்.

"அதென்ன பக்கத்துல, செவப்பா?"

"பூவும்மா."

"அடேயப்பா, என்னா செவப்பு! பேரென்ன?"

தமிழ்ப் பேர் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஹெல்காவிடம் கேட்டுவைத்திருந்த ஜெர்மன் பேரைச் சொன்னேன்: "வைநாக்ட்ஸ்காக்டுஸ்." அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்து, வாய்க்குள் நுழையாமல் சிரித்தாள்.

"என்னமோ ஒண்ணு. மங்களகரமா இருக்கு. பிள்ளை தலமாட்டுலயே இருக்கட்டும்."

"சரிம்மா" என்றேன். மகள் கண்ணைத் திறந்து, போனுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.