ஒட்டாத ஈரம்

போன தைப்பூசத்துக்கு நானும் அக்காவும் நாகலாபுரத்திலிருந்து திருச்செந்தூருக்கு நடந்தோம். தார்ரோட்டில் பாதமெல்லாம் கொப்புளம். அதனால் கடைசி நாள் விடிந்ததும் கடற்கரைக்கு இறங்கிவிட்டோம்.

அலை நனைத்த பக்கம் மட்டும் போகவில்லை. எங்கள் கரிசல்காட்டில் மழை பெய்தால் மண் காலைப் பிடித்துக்கொள்ளும். நாலு எட்டு வைப்பதற்குள் பாதம் ஆட்டுக்கல்லாகக் கனக்கும். ஈர மண்ணில் இறங்கக் கூடாது என்பது எங்கள் உடம்பிலேயே ஊறியது. ஆகவே காய்ந்த மணலிலேயே, ஒவ்வொரு காலாக இழுத்து இழுத்து நடந்தோம். தூரத்தில் தெரிந்த கோபுரம் கிட்டத்தில் வருவேனா என்றது.

மத்தியானம் மணல் சுட்டதும் அக்கா ஈரத்தை நோக்கித் திரும்பினாள்.

"அங்கன போகாதக்கா, புதைஞ்சிருவ" என்று எரிந்து விழுந்தேன்.

அலை ஓடி வந்து அவள் கணுக்காலை நனைத்துவிட்டுப் போனது. அவள் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மற்றதையும்.

"ஏட்டி, ஒட்டவே மாட்டேங்கு."

நானும் இறங்கினேன். நனைந்த மணல் சாணி மெழுகிய களம் மாதிரி கெட்டியாக இருந்தது. ஊரில் ஒரு மழை பெய்தாலே மண் எங்களை விடாது. இங்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், வந்து வந்து நனைக்கிறது. மண்ணோ எங்களைப் போகச் சொல்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாயங்காலம் வரை இருவரும் அலையிலேயே நடந்தோம்.

கோவிலுக்கு ஏறும் முன், பழக்கதோஷத்தில், பாதத்துச் சேற்றைச் சுரண்ட ஒரு குச்சியைத் தேடி எடுத்து நிமிர்ந்தேன். அக்கா கையிலும் ஒரு குச்சி இருந்தது.