நூர் முகமதுவின் துண்டு

நூர் முகமதுவின் முகத்தைப் பார்த்து மாட்டின் விலையைக் கண்டுபிடித்தவர் சின்னசேலம் பக்கத்தில் யாரும் இல்லை. அவர் மாட்டுத் தரகர். எதிராளியின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு, விரல்களால்தான் பேரம் பேசுவார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நான்கைப் பிடித்தால் நான்கு. சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் முகம் அசையாது. கல்யாணமான புதிதில் மனைவி காசிம் பீவியின் கையைப் பிடித்துத்தான் இந்த விரல் கணக்கை வீட்டில் பழகினார்.

போன வருடம் இருமல் நிற்காமல் சேலத்துக்குப் போனபோது, நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். பீடியை அன்றே விட்டார். ஆனால் வைத்தியம் வேண்டாம் என்றார். உடம்பில் எதிர்ப்புச் சக்தி செத்துப்போயிற்று, இனி மருந்து ஏற்றி என்ன ஆகப்போகிறது என்பது அவர் எண்ணம்.

சாகவில்லை என்றார் மருத்துவர் விஜயலட்சுமி. நோயை அடிக்க வேண்டிய வெள்ளணுக்கள் கட்டிக்குள்ளேயே நிற்கின்றன, அடிக்கத்தான் இல்லை.

"அப்ப அங்க இன்னா பண்ணிக்கினு நிக்குதுங்க?"

மருத்துவர் ஒரு கையால் மறு கையைப் பிடித்துக் காட்டினார். புற்றணுவின் மேல் ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் வரும் வெள்ளணுவின் மேல் உள்ள இன்னொரு புரதத்தை அது போய்ப் பிடிக்கும். நம் உடம்பையே வெள்ளணு கடித்துவிடாமல் இருக்க ஏற்பட்ட சைகை அது. 'விட்டுவிடு' என்று பொருள். கட்டியை வளரச் சொல்லி அதற்குள் ஓடும் கட்டளைகளே அந்தப் புரதத்தை இன்னும் பெருக்கும். வெள்ளணுவும் நம்பி ஓய்ந்துவிடும்.

நூர் முகமது தோளில் கிடந்த துண்டைத் தடவினார். "சந்தையில எங்க வேலயே அதாங்க. மருந்து இன்னா பண்ணும்?"

நடுவில் புகுந்து கையைப் பிடிக்கவிடாது என்றார் மருத்துவர். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது; ஆனால் இவர் கட்டியில் அந்தப் புரதம் நிறைய இருப்பதால் முயலலாம். சைகை நின்றால் வெள்ளணுக்கள் நல்ல உறுப்பையும் தாக்கக்கூடும். வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

மருந்து ஏற ஏறக் கட்டி சுருங்கியது. அவர் மறுபடி சந்தைக்குப் போனார். அப்புறம் வயிறு போகத் தொடங்கியது. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, கல்வராயன் மலைப் பலாப்பழத்தின் மேல் பழியைப் போட்டார். நானும்தானே தின்றேன் என்று காசிம் பீவி முறைத்தார்.

அடுத்த தவணைக்குப் போனபோது, தொந்தரவு ஏதாவது உண்டா என்று மருத்துவர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க."

சந்தை முகம். மருத்துவர் அதை நம்பிச் சீட்டு எழுதப்போனார்.

காசிம் பீவி கணவர் தோளிலிருந்து துண்டை உருவி அவர் கைமேல் போட்டார். அடியில் தன் கையை நுழைத்து, விரல்களை விரித்துக் காத்திருந்தார். "ஒரு நாளைக்கு எத்தினி தடவ?"

வெளியே எவ்வளவு பொய் சொன்னாலும், துண்டுக்குள் நூர் முகமது ஒருநாளும் பொய் விலை சொன்னதில்லை. சொன்னால் தரகன் அன்றோடு தீர்ந்தான். ஐந்து விரல்களையும் பிடித்தார். விட்டு, மூன்றைப் பிடித்தார்.

"எட்டுங்க மேடம்," என்றார் காசிம் பீவி. "பலாப்பழம் இவ்ளோ வேல செய்யாது."

அன்று மருந்து ஏறவில்லை. படுக்கையில் சேர்த்து, குடல் வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இன்னும் நாள் கடத்தியிருந்தால் குடலே பொத்தலாகியிருக்கும் என்று மருத்துவர் கடிந்துகொண்டார். மருந்தை நிறுத்தினாலும், விழித்துக்கொண்ட வெள்ளணுக்கள் கொஞ்ச காலம் வேலை செய்யலாம். குடல் ஆறட்டும், அப்புறம் யோசிப்போம் என்றார்.

நூர் முகமது தலையாட்டிவிட்டுத் துண்டுக்குக் கை நீட்டினார். காசிம் பீவி தரவில்லை. மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.