தோல் உறை போட்ட வால்வு

தோல் ஊர்க்காரர்களுக்குத் தோலைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் ஆம்பூரில் ஷூ கம்பெனி வைத்திருக்கும் ஒரு முதலாளி. கடலுக்கடியில் முக்குளிப்பதில் எனக்கு ஜோடியாக வாய்த்தவர் அவர்தான்.

நான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியன். பகல் முழுக்க ஆக்ஸிஜன் சிலிண்டரோடும் குழாயோடும்தான் குடித்தனம். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண் என்றாலே நர்ஸ் என்று முடிவு கட்டிவிட்ட ஊர் எங்களுடையது. நான் நர்ஸ் இல்லை என்று முதல் நாளே அவரிடம் சொன்னேன். “சரிங்க சிஸ்டர்” என்றார். மனிதருக்குக் காது எப்படிப்பட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இருவரும் புதுச்சேரியில் ஒரே பயிற்சியாளரிடம் தனித்தனியாகக் கற்றோம். கரையிலிருந்து தள்ளி, ஆழத்தில் ஒரு பழைய கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. எங்கள் பக்கத்திலிருந்து இந்தக் கிறுக்குப் பிடித்து வந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அதனால் பயிற்சியாளர் எங்களை ஜோடி சேர்த்து ஒரு நிபந்தனையும் போட்டார். வால்வு மூடும் பயிற்சியை இருவரும் ஊரிலேயே செய்து பழக வேண்டும், வீடியோ அனுப்ப வேண்டும், அவருக்குத் திருப்தியானால் கப்பலுக்கு.

அந்தப் பயிற்சி இதுதான். முதுகில் இரண்டு சிலிண்டர்கள், நடுவில் இரண்டையும் இணைக்கும் குழாய். மூச்சிழுக்க ஆளுக்கு இரண்டு ரெகுலேட்டர். ஒன்று வாயில், மற்றது கழுத்துக்குக் கீழே தயாராக. ஏதாவது ஒரு பக்கம் காற்று பீறிட ஆரம்பித்தால் மொத்தக் காற்றும் அந்த வழியாகவே போய்விடும். கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், கண்ணால் பார்க்காமல், அந்தப் பக்கத்து வால்வை மூட வேண்டும். சட்டென்று மேலே வந்துவிடலாமே என்று கேட்கலாம். ஆழ்கடலில் அது நடக்காது. வழியில் நின்று நின்று வராவிட்டால் ரத்தத்தில் கரைந்த வாயு நுரைத்து ஆளையே முடித்துவிடும். எனவே வால்வை அங்கேயே மூடியாக வேண்டும். உன்னால் முடியாவிட்டால் உன் ஜோடி மூட வேண்டும். என் உயிர் அவர் கையிலும் அவர் உயிர் என் கையிலும் இருக்கும் என்பதுதான் இதன் அர்த்தம். அதை நினைக்கும்போதே எனக்கு எரிச்சலாக வரும்.

பழகுவதற்கு அவருடைய மாமனார் நிலத்தில் ஒரு பெரிய கிணறு கிடைத்தது. மலைப்பக்கமாக இருந்ததால் தண்ணீர் தெளிவாக இருந்தது. பாலாற்றை ஒட்டிய கிணறுகளை இவர்களுடைய தொழில் நாசமாக்கி வெகுகாலம் ஆகிறது. ஊர்க் கிணற்றையெல்லாம் கெடுத்துவிட்டு, விளையாட மட்டும் நல்ல கிணறாகப் பார்த்து வைத்திருந்தார்கள்.

இரண்டாவது வாரமே அவருடைய வால்வுத் திருகுகளில் பழுப்பு நிறத்தில் தோல் உறைகள் ஏறியிருந்தன. ரப்பர் திருகு ‘சீப்பாக’ இருக்கிறதாம். கம்பெனியில் சாம்பிள் தைக்கும் பிரிவில் சொல்லி, வழவழப்பான கன்றுத்தோலில் தைத்து, தன் பெயரின் முதலெழுத்தையும் அச்சடித்திருந்தார்.

“தண்ணிக்குத் தாங்குமா?” என்று கேட்டேன்.

“இன்னா சிஸ்டர், என்னாண்டயே தோலப் பத்திக் கேக்கறீங்க? மூணு தலைமுறையா இதான் சோறு போடுது.”

மூன்று தலைமுறையாகச் சோறு போட்டது உண்மைதான். ஆனால் பதனிட வரும் தோல் முதலில் இறங்குவதே தண்ணீர்த் தொட்டியில்தான். அந்தத் தொட்டியில் இவர்கள் வீட்டு ஆம்பளை ஒருவராவது முழங்கை வரை கையை விட்டிருப்பாரா? மேசைமேல் வந்து விழும் சாம்பிள் துண்டைத் தடவிப் பார்த்து, முகர்ந்து, விலை சொல்வதற்குப் பெயர் தோல் ஞானம். பேரு பெத்த பேரு, தாக நீலு லேது என்று தெலுங்கில் சொல்வார்கள், பேர்தான் பெரிது, குடிக்கத் தண்ணீர் இல்லை.

பயிற்சியில் ஒரு விதி உண்டு. வால்வை மூடியபின் வாயில் இருக்கும் ரெகுலேட்டரிலேயே மூச்சை இழுக்க வேண்டும். மிச்சம் இருக்கும் காற்று தீர்ந்து, இழுத்தாலும் வராது என்று ஆனபின்தான் அடுத்ததை வாயில் வைக்க வேண்டும். வால்வு உண்மையிலேயே மூடியதற்கு அதுதான் சாட்சி. இழுத்து ஒன்றும் வராத அந்த நொடியில் நெஞ்சு பதறும், அது எல்லோருக்கும் வருவதுதான். அவர் மட்டும் அந்த நொடி வரைக்கும் போனதே இல்லை. திருகுவார், உடனே மாற்றிக்கொள்வார்.

“காத்து நிக்கிற வரிக்கும் இழுங்க” என்றேன்.

“மூஞ்சி கோணிக்குது சிஸ்டர். வீடியோல நல்லா இருக்காது.”

ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி என்று இருப்பவரிடம் என்ன பேசுவது? வீடியோவில் அவர் கை நாட்டியம் ஆடியது. நானோ பேருந்து நிலையத்தில் முதுகு சொறிபவள் மாதிரித் தெரிந்தேன். பயிற்சியாளர் எனக்குப் போன் செய்து, “அவரப் பாத்துக் கத்துக்குங்க, எவ்ளோ ஸ்மூத்தா பண்றாரு” என்றார். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு போன் திரையில் உயிரை எடை போடும் மகானுபாவர்.

கடலுக்குப் போக நாள் குறித்தபின், கடைசி வீடியோ எடுக்க இறங்கினோம். அன்று அவர் கேமராவுக்கு நேராக, கிணற்றின் அடியில் சேற்றில் மண்டியிட்டார். மண்டியிடாதே என்று கையால் காட்டினேன், பார்க்கவில்லை. வலப்பக்க வால்வைத் திருகி, ரெகுலேட்டரை அழகாக மாற்றி, பழையதைக் கீழே விட்டார். அது போய்ச் சேற்றில் விழுந்தது. உள்ளே மணல் புகுந்ததோ என்னவோ, குபுகுபுவென்று காற்று பீறிட ஆரம்பித்தது. வால்வு மூடியிருந்தால் மிச்சமிருந்த கொஞ்சக் காற்றோடு அது நின்றிருக்க வேண்டும்.

அவர் கை பின்னால் போனது. திருகினார். எல்லாம் சரி என்று எனக்கு விரலால் சைகை வேறு காட்டினார். குமிழிகள் நிற்கவில்லை. மறுபடியும் திருகினார். கண்ணாடிக்குள் கண்கள் பெரிதாயின. மூச்சை அடக்கிக்கொண்டு மேல் நோக்கி உதைத்தார். அப்படி மூச்சை அடக்கிக்கொண்டு எழும்பினால் நுரையீரல் கிழிந்துவிடும், கிணறு என்றாலும் அதேதான். நான் அவர் தோள்பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, முதுகுப்பக்கம் போய்ப் பார்த்தேன்.

அவர் கை திருகத் திருக, தோல் உறை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஊறித் தளர்ந்த உறைக்குள் திருகு அசையாமல் உட்கார்ந்திருந்தது. கத்தியை எடுத்து உறையைக் கிழித்தேன். வால்வை மூடினேன். குமிழிகள் அடங்கின. இத்தனை வாரமும் இந்த மனிதர் வால்வையே மூடியதில்லை, ஊறிய தோலைத்தான் திருகிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேலே வந்து படியில் உட்கார்ந்தோம். வெகுநேரம் இருமினார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் என் கையிலிருந்த கிழிந்த உறையை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தையல மட்டும் பிரிச்சிருக்கலாமே சிஸ்டர். நல்ல கன்னுத்தோலு.”

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். உறைதான் சுற்றியது, வால்வு ஒரு நாளும் மூடவில்லை என்று கத்தினேன். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. வால்வு ஜாஸ்தி டைட்டாம், விற்றவன் ஏமாற்றிவிட்டானாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

“சும்மா பேஜார் பண்ணாதீங்க” என்றபடி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். புத்தம்புது தோல் உறைகள். அதில் என் பெயரின் முதலெழுத்து. “கடலுக்குப் போம்போது சர்ப்ரைஸா குடுக்கலாம்னு வச்சிருந்தேன். ரெண்டு பேருக்கும் மேட்சா இருக்கும்.”

பொட்டலத்தை அவர் மடியிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பயிற்சியாளரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

“வீடியோல நல்லாத்தான பண்றாரு?” என்றார் அவர். நான் திரும்பவும் சொன்னேன். “சரி, உறையக் கழட்டச் சொல்லிடறேன். ஜோடி இல்லாம உங்கள எறக்க முடியாதும்மா. அவரோட வரலன்னா கப்பல மறந்துடுங்க” என்றார்.

உறையைக் கழற்றிவிடலாம். காற்று நிற்கும்வரை இழுத்துப் பார்க்க மாட்டேன் என்கிற அந்தப் புத்தியை எந்தக் கத்தியால் கிழிப்பது? வரவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்தபின் அழுதேன். அந்தப் பயணத்துக்கென்று லீவு சேர்க்க, பண்டிகை நாளில்கூட டியூட்டி பார்த்திருந்தேன்.

அவர் வேறொருவரோடு போனார். எதுவும் பீறிடவில்லை, எதையும் மூட வேண்டி வரவில்லை, பத்திரமாகத் திரும்பினார். ஒன்றும் ஆகாததையே தன் திறமை என்று சொல்லிக்கொண்டு, சிஸ்டர் பயந்துவிட்டார் என்று ஆம்பூர் முழுக்கப் பேசித் திரிகிறாராம். பேசட்டும். அந்தக் கப்பலை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காமலே செத்தாலும் சாகிறேன், அந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துச் சாக மாட்டேன்.