அடி உள்ள தண்ணீர்

“...செவுரு வச்சாதான் ஜெயிலா? உங்கண்ணனுக்குத் தண்ணிதான் செவுரு,” என்றார் அண்ணி, இறாலை உரித்துக்கொண்டே. ஏரிக்கரையில் பிறந்த மனுஷன் தண்ணீருக்குப் பயப்படலாமா என்று நான் கேட்டுத் தொலைத்திருந்தேன்.

அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவர். முதலாளி கைவிட்டுவிட, அயல்நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டபடி ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தார்கள். கரையில் விளக்கு எரிவது தெரியும். இறங்க அனுமதி கிடையாது. எங்கள் ஊரான தோணிரேவுக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கப்பல் அவரை விடவில்லை. வீட்டுக்குள்ளேயே மூலைக்கு மூலை நடப்பார். ஏரியைப் பார்த்த ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பார். குளிக்கும்போது வாளியில் பாதியை மிச்சம் பிடிப்பார். அண்ணி அதை முருங்கைக்கு ஊற்றிவிட்டு, “மரத்துக்கும் சேத்துக் குளிச்சிட்டியா மாமா?” என்பார். அப்போது மட்டும் அண்ணன் சிரிப்பார்.

எங்களூரில் ஏரியில் வலை போட ஒவ்வொருவருக்கும் முறை உண்டு, பாடு என்போம். அண்ணன் இல்லாத காலமெல்லாம் அவருடைய பாடு போகாமல் ஊர் பார்த்துக்கொண்டது. வந்தபின் இரண்டு முறை கரைவரை போய்த் திரும்பிவிட்டார். இந்த முறையும் இறங்காவிட்டால் வேறு ஆளுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று, சங்கடப்பட்டுக்கொண்டே சொல்லி அனுப்பினார்கள்.

புத்தி சொல்லவா ஆள் இல்லை? தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டு என்றார் ஒருவர். தூக்கித் தண்ணீரில் போடு, தெளிஞ்சிடும் என்றார் சித்தப்பா. பக்கத்து வீட்டிலோ, ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழைய பாட்டு.

முறை வந்த காலையில் அண்ணன் கரையில் நின்றார்.

“கப்பல்லேர்ந்து கீழ பாத்தா ஒண்ணுமே தெரியாது,” என்றார் மெல்ல. “அடியே இல்லாத தண்ணி.”

“இதுக்கு இருக்குதே மாமா. கால வுடாம ஆழம் எப்டித் தெரியும்?”

அண்ணி வலையின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார். மறுமுனையோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரிக்குள் நடந்தார். சிறுவயதிலிருந்து அந்தச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்தவர். கட்டியிருந்த படகுகளைத் தாண்டியும் தண்ணீர் அவர் இடுப்பைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று கரைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். வலை இழுபட்டு விறைத்தது.

வலைமுனையை விடாமல் இறங்கிய அண்ணனின் பாதம் நனைந்தது.

அண்ணி ஏரிக்குள் இன்னும் ஓரடி பின்னால் வைத்தார்.